கூட்ட ரயிலில் தொலைந்த பல்செட்டு

மா சுனோக் அக்கா சோம்பேறி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பட்டறையில் அவளைவிட அதிக நாள் தாமதமாக வந்தவர் எவரும் கிடையாது.

சியோலில் சோங்னோ பக்கம், ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் பட்டறை. பல் மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அனுப்பும் சுண்ணாம்பு மாவு அச்சை வைத்துக்கொண்டு பல்செட்டு செய்து கொடுப்பது எங்கள் வேலை. முதலாளி பாங் என்பவருக்கு வீடு அதே கட்டிடத்தின் உச்சியில். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் வேலைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். எனக்கு நடக்கிற தூரம். சுனோக் அக்கா மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேற்கே, வயல்களுக்கு நடுவில் முளைத்த ஒரு புதுநகரத்திலிருந்து வர வேண்டும்.

அவளும் அவள் புருஷன் தொக்பேயும் முன்பு சியோலில்தான் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். வேறு வீடு தேடிப் பார்த்ததில் கிடைத்ததெல்லாம் ஒன்று நிலவறை, இல்லையென்றால் மொட்டை மாடியில் ஒற்றை அறை. புதுநகரத்திலோ மூன்று அறை, வெயில் விழும் பால்கனி, சமையலறை ஜன்னலைத் திறந்தால் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் காட்டு வாத்துகள். “ரயில் வரப்போகுது, அப்புறம் சியோல் கூப்பிடு தூரம்தான்” என்று வீட்டுத் தரகர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ரயில் வந்தது. இரண்டே இரண்டு பெட்டியோடு வந்தது.

ஊர் முழுக்கக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு ஒரு படி அரிசி உலையில் போட்டதைப் போல ஆயிற்று. கோடையிலாவது பரவாயில்லை. குளிர்காலம் வந்தால் ஆளுக்கொரு கருப்புப் பஞ்சுக் கோட்டு, முழங்கால் வரைக்கும். ஒல்லியான மனிதர்கூட மெத்தையைச் சுற்றிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிடுவார். ரயிலின் நீளம் மட்டும் அதேதான்.

அக்கா எல்லா வித்தையும் செய்து பார்த்துவிட்டாள். விடிவதற்கு முன்பே கிளம்பினாள். அவளுக்கு முன்பே பாதி ஊர் கிளம்பியிருந்தது. சியோலுக்கு எதிர்த் திசையில் ஏறி, கடைசி நிலையம்வரை போய், அதே ரயிலில் உட்கார்ந்தபடியே திரும்பினாள். ஒரு வாரத்தில் ஊரே அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு கடைசி நிலையத்தில் வரிசை கட்டி நின்றது. சாலை வழியாக வந்தால் என்ன என்று ஒரு மாதம் தொக்பேயின் வேனில் வந்து பார்த்தாள். ஆற்றோரச் சாலையில் முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கத்தை மனப்பாடம் செய்ததுதான் மிச்சம். மறுபடியும் ரயிலுக்கே வந்தாள்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. தாமதமாக வருகிறவர் அன்றைக்கு மாவுத்தொட்டியைக் கழுவ வேண்டும். கழுவுதொட்டிக்குக் கீழே, வழிந்து வரும் சுண்ணாம்பு மாவெல்லாம் சேறாகத் தங்குகிற வாளி அது. யாருக்கும் பிடிக்காத வேலை. அக்கா கைக்கு அது பழகிப்போனது. “வாப்பா என் செல்லம்” என்று கொஞ்சிக்கொண்டே இழுத்துக் கழுவுவாள்.

“சுனோக், கொஞ்சம் முன்னாடி கிளம்பக் கூடாதாம்மா?” என்பார் முதலாளி, பார்லி டீயை உறிஞ்சிக்கொண்டே.

“இதுக்கு மேல முன்னாடி கிளம்பணும்னா முந்தின நாளே கிளம்பணும் முதலாளி.”

அந்த நவம்பரில்தான் ஹோங் தாத்தாவின் பல்செட்டு எங்களிடம் வந்தது. தாத்தா மாபோ பக்கம் இருப்பவர். கேபிள் டிவியில் நடக்கும் ஒரு முதியோர் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தார். ஒளிப்பதிவுக்கு முதல் நாள், கீழ்வரிசை ஈறில் குத்துகிறது என்று மருத்துவர் செட்டைத் திருப்பி அனுப்பினார். அக்கா அதை மாலைக்குள் தேய்த்து, மெருகேற்றி முடித்தாள். ஆனால் அதற்குள் கிளினிக்கை மூடிவிட்டார்கள்.

“உன் வழியிலதானே அந்த மாபோ கிளினிக் இருக்கு? நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, காலையில வர்ற வழியில குடுத்துட்டு வந்துரு. மத்தியானம் தாத்தா பாடணும்” என்றார் முதலாளி.

மறுநாள் காலை அக்கா பல்செட்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப்பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரயிலில் ஏறிய பிறகுதான் புத்தி வந்தது. கைப்பை நெஞ்சோடு நெஞ்சாக நசுங்கிக்கொண்டிருந்தது. டப்பா உடைந்தால் தாத்தாவின் பாட்டும் உடையும். மெல்ல டப்பாவை வெளியே உருவி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த ரயிலில் கை மேலே போனால் மேலேயே இருக்கும், கீழே வராது. அதுவும் நல்லதுதான் என்று நினைத்தாள்.

அவளுக்குப் பக்கத்தில், வழக்கம் போல, முழங்கைக்காரி நின்றாள். அக்கா வைத்த பெயர் அது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், குட்டை முடி, எப்போதும் ஒரு பெரிய துணிப்பை. இரண்டு பேருக்கும் கதவோரம் இருக்கும் அந்தக் கம்பிமேல் கண். யார் முதலில் சாய்ந்துகொள்வது என்று இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் சண்டை நடந்துகொண்டிருந்தது. முழங்கைக்காரியின் ஆயுதம் எது என்று சொல்லத் தேவையில்லை.

ரயில் திடீரென்று பிரேக் போட்டது. பெட்டி முழுக்க ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்து பின்னால் வந்தது. முழங்கைக்காரி விழாமலிருக்கக் கையை உயர்த்தினாள். முழங்கை நேராக அக்காவின் மணிக்கட்டில் போய் இடித்தது. டப்பா திறந்துகொண்டது. மேல்வரிசை உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கீழ்வரிசை காற்றில் ஒரு கரணம் அடித்து, இரண்டு ஆள் தள்ளி நின்ற ஓர் இளைஞனின் கோட்டில், முதுகுப்பக்கம் தொங்கிய தொப்பிக்குள் பொத்தென்று விழுந்தது.

“ஐயோ! என் பல்லு! பல்லு!” என்று அக்கா அலறினாள்.

“என்னம்மா, பல்லு உடைஞ்சிருச்சா? யாருய்யா அந்தம்மாவை இடிச்சது?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“என் பல்லு இல்லைங்க, ஒரு தாத்தாவோட பல்லு!”

“தாத்தாவுக்கு அடிபட்டிருச்சா? தாத்தா எங்கம்மா?”

“தாத்தா வீட்டுல இருக்காருங்க. பல்லு மட்டுந்தான் வந்திருக்கு!”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு, எல்லோருடைய வயிறும் ஒட்டியிருந்ததால், பெட்டி முழுக்கக் குலுங்கிப் பரவியது. அக்காவுக்கு மட்டும் அழுகை வந்தது. கையை நீட்டினாள், எட்டவில்லை. “தம்பி! கருப்புக் கோட்டுத் தம்பி!” என்று கூப்பிட்டாள். திரும்ப முடிந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்; எல்லோரும் கருப்புக் கோட்டுதான். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞன் மட்டும் திரும்பவில்லை.

எல்லோரும் வேறு ரயிலுக்கு மாறும் விமான நிலைய நிறுத்தத்தில் கதவு திறந்ததும், மூட்டை அவிழ்ந்து பயறு கொட்டியது போல ஜனம் வெளியே கொட்டியது. அக்கா ஓடினாள். ஒரு கருப்புக் கோட்டை எட்டிப் பிடித்து, தொப்பிக்குள் கையை விட்டாள். காலி. கோட்டுக்குள் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்து, “ஏங்க, என்ன பண்றீங்க?” என்று சீறினாள்.

“பல்லு தேடறேங்க, மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்கு ஓடினாள். அந்தக் கோட்டுக்காரர் அவள் எட்டுவதற்குள் படியேறிவிட்டார். அடுத்ததில் ஒரு பஸ் அட்டை இருந்தது. அதற்கும் அடுத்த கோட்டை நெருங்கும்போது யாரோ அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

முழங்கைக்காரி.

“அக்கா, ஓடாதீங்க. அவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் போயிட்டான். நான் பாத்தேன்.”

“போயிட்டானா! உன் முழங்கையை வெட்டி அடுப்புல போட! இன்னிக்கு மத்தியானம் அந்தத் தாத்தா டிவியில பாடணும்டி. பல்லு போனா சொல்லு போச்சு!”

“வெட்டுறதை அப்புறம் வெட்டலாம். அவன் யோயிதோவுல இறங்குவான். ஒரு லிஃப்ட் கம்பெனி ஆபீஸ்ல வேலை. பேரு சின் தேசு.”

அக்கா அழுகையை நிறுத்தினாள். “உனக்குச் சொந்தக்காரனா?”

“சேச்சே, பேசினதே இல்ல. ரெண்டு வருஷமா அவன் முதுகுக்குப் பின்னாடி நிக்கறேன். அவன் போனு சரியா என் மூக்குக்கு நேரா இருக்கும். நான் வேற எங்கதான் பாக்கறது? கண்ணை மூடினா நின்னுக்கிட்டே தூங்கிடறேன்.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். “பாவம், காதலிக்கிற பொண்ணுகூடச் சண்டை. போன வாரம் பூரா மன்னிப்புக் கேட்டே அனுப்பிட்டிருந்தான்.”

“அப்ப என் போனையும் படிச்சியா?”

“உங்க போன்ல படிக்க என்ன இருக்கு? முட்டைக்கோஸ் விளம்பரம், உங்க வீட்டுக்காரர் அனுப்புற மீன் போட்டோ.”

அவள் பெயர் தாக் யோன்சு. ஒரு கால்சென்டரில் வேலை. அங்கேயே நின்றபடி மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, வருவதற்குத் தாமதமாகும் என்றாள். ரயில் தாமதமென்றால் நிலையத்தில் அதற்கொரு சான்றுச் சீட்டு வாங்கி வா என்றார் அவர். “ரயில் சரியாத்தான் சார் வந்துச்சு. பல்லுதான் வேற வண்டியில போயிருச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இருவரும் அடுத்த எக்ஸ்பிரஸில் முட்டி மோதி ஏறினார்கள். இந்தத் தடவை யோன்சுவின் முழங்கை அக்காவுக்கு வழி செய்து கொடுத்தது. எதிரியாக நின்றவரைக்கும் அதன் அருமை தெரியவில்லை என்று அக்கா பின்னால் சொன்னாள்.

லிஃப்ட் கம்பெனியின் வரவேற்பில் இருந்த பெண், “என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

“அவர் தொப்பியில ஒரு பல்லு...” என்று அக்கா ஆரம்பித்தாள். யோன்சு அவள் காலை மிதித்தாள்.

“குடும்ப விஷயம். அவசரம்.”

தேசு முகம் வெளிறி ஓடி வந்தான். “எங்கம்மாவுக்கு ஏதாச்சுமா?”

“அம்மா நல்லா இருக்காங்கப்பா. உன் கோட்டு எங்க?”

கோட்டு கூட்ட அறையில் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது: மேலாளரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கம்பி, அதில் வரிசையாகக் கருப்புக் கோட்டுகள். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தேசு சத்தம் போடாமல் உள்ளே போய், தன் கோட்டைக் கம்பியிலிருந்து எடுத்தான். என்ன தேடுகிறோம் என்று அவனுக்கு அதுவரை சரியாக விளங்கவில்லை. கோட்டை உதறினான்.

கீழ்வரிசை தொப்பியிலிருந்து எகிறி, மேலாளருக்கு முன்னால் மேசைமேல் டொக்கென்று விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அவரைப் பார்த்தபடி நின்றது. மேலாளர் தன்னையறியாமல் சொந்த வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“என்னோடதுதாங்க!” என்று அக்கா கதவைத் திறந்துகொண்டு நுழைந்தாள். வெள்ளைப் பற்கள் முழுசாக இருந்த அவள் வாயை எல்லோரும் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல நேரமில்லை. கைக்குட்டையில் பல்லைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் தேசு யோன்சுவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். “என் பேரு, ஆபீஸு எல்லாம் எப்படிங்க தெரியும்?”

யோன்சு காதுவரை சிவந்துபோனாள். “அது... உங்க போனு...”

“எல்லாத்தையும் படிச்சீங்களா?”

“எல்லாத்தையும் இல்ல. புதன்கிழமை எனக்கு லீவு.”

அவன் போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான். லிஃப்ட் வந்தது. கதவு மூடும்போது யோன்சு தலையை நீட்டி, “அந்தப் பொண்ணுக்கு இன்னொரு தடவை மன்னிப்பு அனுப்பாதீங்க. அது மேலதான் தப்பு” என்றாள்.

“ரயில் வேண்டாம், டாக்ஸியில போலாம்” என்று சொன்னது யோன்சுதான். பாலத்துக்கு ஏறும் முன்பே டாக்ஸி நின்றுவிட்டது. முன்னால் வண்டி, பின்னால் வண்டி. ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, “அவசரமாம்மா?” என்று ஆறுதலாகக் கேட்டார்.

“ஒருத்தரோட பல்லு என் கையில இருக்குங்க.”

“அடிச்சுக்கிட்டீங்களா?”

இருவரும் பாதி வழியில் இறங்கி, மறுபடி நிலையத்துக்கே நடந்து, பாதாள ரயிலில் ஆற்றுக்கு அடியிலேயே மாபோவுக்குப் போனார்கள். அங்கே யோன்சு கையசைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

கிளினிக்கில் ஹோங் தாத்தா சரிகை மின்னும் சிவப்புக் கோட்டோடு, தலைக்குச் சாயம் போட்டு, கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தார். “வந்துருத்தா? என் பாத்துல பூரா ‘ச’தாம்மா வருது” என்று பொக்கை வாயால் குழறிக்கொண்டே எழுந்தார். அக்காவுக்கு மறைக்க மனம் வரவில்லை. மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, பல்லை நன்றாகச் சுத்தம் செய்து கொடுக்கச் சொன்னாள். தாத்தாவிடமும் சொன்னாள்.

“தாத்தா, கோவிச்சுக்காதீங்க. உங்க கீழ்வரிசை ஒரு தம்பி கோட்டுல ஏறி யோயிதோ வரைக்கும் போயிட்டு வந்துச்சு.”

தாத்தா பல்லை மாட்டி, ஒருமுறை கடித்துப் பார்த்தார். குத்தவில்லை. முகம் மலர்ந்தது. “யோயிதோவா? நானே போயி வருஷமாச்சும்மா. பல்லாவது போயிட்டு வந்துச்சே!”

அக்கா பட்டறைக்கு வந்தபோது நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தோம். முதலாளி மாவுத்தொட்டி இருந்த திசையில் மோவாயைக் காட்டினார், அவ்வளவுதான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஹோங் தாத்தா ஒரு சரணம் முடிப்பதற்குள் மணியடித்து அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி முப்பத்திரண்டையும் காட்டினார். “பாருங்கடா நம்ம பல்லை! எப்படி ஜொலிக்குது!” என்று முதலாளி தொடையைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் அக்கா கேட்டுவிட்டாள்.

“முதலாளி, நான் ஒரு மணி நேரம் லேட்டா வந்து, ஒரு மணி நேரம் லேட்டாப் போறேனே? அந்த நேரத்துல ரயில்ல மூச்சாவது விடலாம்.”

முதலாளியின் கை தொடையிலேயே நின்றது. “ரயில்ல நின்னுட்டு வர்றதுக்கு இவ்வளவு பேச்சாம்மா? பட்டாளத்துல நாங்க முதுகுல மூட்டையோட மலை மலையா ஏறியிருக்கோம். இப்ப உள்ள ஜனங்களுக்கு உடம்புல தெம்பு இல்ல.”

“முதலாளி கடைசியா எப்ப காலையில ரயில்ல ஏறினீங்க?” என்று நான் கேட்டேன்.

“நான் எதுக்கு ஏறணும்?” என்றார்.

அக்கா எழுந்து தன் மேசைக்குப் போனாள். நான்கூட அவள் விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பரில் குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போடும் நாள் வந்தது. அந்த ஞாயிறு எங்கள் எல்லோரையும் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டாள். முதலாளியை அவர் மகன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். கூடம் முழுக்கப் பாய் விரித்து, உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் மலையாகக் குவிந்திருந்தது. மிளகாய் விழுதை இலை இலையாகத் தடவினோம். தொக்பே பன்றி இறைச்சியை வேகவைத்து, புதுக் கிம்ச்சியில் சுற்றி முதலாளியின் வாயில் ஊட்டினார். அரிசிக் கள்ளும் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் முதலாளி முட்டைக்கோஸ் குவியல் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டார். நாங்கள் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை. மகன் வேலைக்குப் போய்விட்டான், கூட்டிப்போக ஆளில்லை. தொக்பே வேனில் விடியலிலேயே போயிருந்தார். முதலாளி தன் பங்குக் கிம்ச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு, மடிப்புக் கலையாத கம்பளித் தொப்பியோடு அக்காவுடன் கிளம்பினார். நிலையத்தின் வெளியே வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது.

“என்னம்மா, இன்னிக்கு ஏதாச்சும் விசேஷமா?” என்று கேட்டார்.

“ஆமா முதலாளி. திங்கட்கிழமை.”

யோன்சுவும் தேசுவும் வழக்கமான கதவருகே நின்றிருந்தார்கள். பல் விவகாரத்துக்குப் பிறகு மூவரும் சேர்ந்தே ஏறுவார்கள். ரயில் வந்தது. முதலாளி கண்ணியமாக ஒதுங்கி நின்று, பின்னால் வந்த பெண்களுக்கு வழி விட்டார். அது முடிவதாகத் தெரியவில்லை. யோன்சுவின் முழங்கை அவர் முதுகில் விழுந்தது. உள்ளே போய்விட்டார்.

வாளியை எங்கே வைப்பது? கீழே கால் வைக்கவே இடமில்லை. தலைமேல் தூக்கிக்கொண்டார்.

“ஐயா, வாளிக்குத் தனி டிக்கெட் எடுத்தீங்களா?” என்றார் ஒருவர்.

“புதுக் கிம்ச்சி வாசனை வருதே! பெரியவரே, சோறும் கொண்டாந்திருக்கலாம்ல?” என்றார் இன்னொருவர்.

“சிரிங்கய்யா, சிரிங்க. மூடி திறந்தா எல்லாரும் சிவப்பா இறங்குவீங்க” என்றார் முதலாளி. கோபமாகத்தான் சொன்னார். ஆனால் பெட்டி முழுக்கச் சிரித்தது.

அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள், நடுவில் நின்ற முதலாளியையும் சேர்த்துக்கொண்டு. “நான் இல்ல! நான் இல்ல!” என்று அவர் கத்தியது அக்காவுக்குக் கேட்டது. அவள் கையை நீட்டுவதற்குள் வேறு பத்துப் பேர் ஏறி, கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நடைமேடையில் அவர் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். கம்பளித் தொப்பியை மட்டும் காணோம். அது பெட்டிக்குள் யாருடைய தோளிலோ உட்கார்ந்து சியோலுக்கு வந்துகொண்டிருந்தது. தேசுதான் அதை மீட்டு அக்காவிடம் கொடுத்தான்.

அக்கா அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, தொப்பியை முதலாளியின் மேசையில் வைத்தாள். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். குனிந்த தலை நிமிராமல் செட்டுகளைத் தேய்த்தோம். யாராவது வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதலாளி வந்தபோது காலை டீ நேரம் எப்போதோ கடந்திருந்தது. முடி நட்டுக்கொண்டு நின்றது. கோட்டில் இரண்டு பொத்தான் இல்லை. வாளியை மட்டும் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு, மூடி திறக்காமல் கொண்டுவந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா ஒரு கோப்பை பார்லி டீயை அவர் கையில் கொடுத்தாள்.

“எத்தனை ரயில்மா என் முன்னாடி நின்னு போச்சு!” என்றார் கடைசியில். “ஒவ்வொண்ணுலயும் கதவு திறக்கும். உள்ள இருக்கறவங்க என்னைப் பாப்பாங்க. நான் அவங்களைப் பாப்பேன். கதவு மூடிக்கும். ஒரு பொண்ணு மயங்கி என்மேல சாஞ்சிருச்சு. தண்ணி குடுத்தேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு, நன்றி சொல்லிட்டு, மறுபடி அதே வரிசையில போயி நிக்குது. தினமுமா இப்படி வர்றே?”

“சனி, ஞாயிறு இல்லை முதலாளி.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நேராகக் கழுவுதொட்டிக்குப் போய் மாவுத்தொட்டியை வெளியே இழுத்தார்.

“முதலாளி, விடுங்க, நான் பண்றேன்” என்று அக்கா ஓடினாள்.

“தள்ளும்மா. லேட்டா வந்தது நான்தான்.” சேற்றில் முழங்கை வரை கையை விட்டபடி, தலையைத் திருப்பாமலே சொன்னார்: “நாளையிலேருந்து நீ மெதுவாவே வா. பத்து மணிக்கு மேல வந்தாப் போதும். சாயங்காலம் கடையைப் பூட்டுற வேலை உன்னோடது.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, உள்ளங்கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அவளோடு வேலை பார்த்த இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் அக்கா பத்து மணிக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. முதலாளி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். போன் செய்தால் எடுக்கவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

“முதலாளி, உக்கார இடம் கிடைச்சிருச்சு!” என்றாள் முதலில். அப்புறம்தான் மீதி வந்தது. பாதாள ரயிலில் இருக்கை காலியாக இருந்ததாம். காலுக்கடியில் சூடு வந்ததாம். கொஞ்சம் கண்ணை மூடினாளாம். சோங்னோவைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, நகரத்தின் கிழக்குக் கோடியில் கடைசி நிலையத்தில் துப்புரவுப் பெண்மணி தட்டி எழுப்பினாளாம். “இப்பத்தான் திரும்பி வர்ற வண்டியில இருக்கேன். இங்கயும் இடம் இருக்கு முதலாளி!”

“இந்தத் தடவை நின்னுட்டு வா!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தார் முதலாளி. வைத்த பிறகு அவர் தோள் குலுங்கியது.

அதன் பிறகு அக்கா ஒருமுறைகூடத் தாமதமாக வந்ததில்லை. யோன்சுவுக்கு அப்படி நேரம் மாற்றிக் கொடுக்கும் முதலாளி வாய்க்கவில்லை; அவள் இன்னும் விடியற்காலை ரயிலில்தான் வருகிறாள். கதவோரக் கம்பி இப்போது முழுக்க அவளுடையது. தேசு அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி நிற்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறானாம். போனை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்களாம். வசந்தத்தில் ஏதோ நல்ல செய்தி வரும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதலாளி மட்டும், யாராவது பட்டாளக் கதையைக் கேட்டால், மலையேறிய கதைக்குப் பதிலாக வாளியோடு நின்ற நடைமேடையின் கதையைச் சொல்கிறார்.